காய்ச்சல் லெட்டர் குவிவதற்கு முன்: பள்ளிக்கூட ஃப்ளூவுக்குத் தயாராக 23 குறிப்புகள்

லீவ் லெட்டர் என்றால் நமக்கெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' மாமா கல்யாணத்துக்குப் போனாலும் அதுதான், திருப்பதிக்கு மொட்டை போடப் போனாலும் அதுதான். இதனால் ஒரு வகுப்பில் நிஜமாகவே பத்துப் பிள்ளைகள் காய்ச்சலில் படுத்தாலும் அந்த லெட்டர்களைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஃப்ளூ பரவுவது புதிதில்லை. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் இறங்கிய 'ஆசிய ஃப்ளூ', அடுத்த பிப்ரவரிக்குள் இந்தியாவில் 44 லட்சம் பேருக்கு மேல் வந்ததாகக் கணக்கில் ஏறியது. 2009-ல் எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) வந்தபோது நாட்டின் முதல் பலி புனேயில் 14 வயதுப் பள்ளி மாணவி. அது ஆகஸ்ட் 3. ஒரு வாரம் கழித்து சென்னையில் 4 வயதுச் சிறுவன். 2022 செப்டம்பரிலும் 2023 மார்ச்சிலும் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் மூடாமல், 2023 மார்ச் 10 அன்று ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் போட்டார்கள்.

பள்ளியை மூடுவதா வேண்டாமா என்பதைக் கலெக்டரும் கல்வித் துறையும் முடிவு செய்துகொள்வார்கள். காய்ச்சல் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. சொல்ல எளிது. அப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட், அம்மா காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங், ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு என்ற வீட்டில் இதைச் செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கம் பாதி வீடுகள் அப்படித்தான். அந்த வீடுகளை மனதில் வைத்துத்தான் இந்தக் குறிப்புகள்.

1. நம் பக்கம் ஃப்ளூ, வடகிழக்குப் பருவமழையோடு வரும். டெல்லிப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் உச்சத்தில் இருக்கும். சென்னை வட்டாரத்தில் அக்டோபர், நவம்பரில்தான் ஏறும். பிறகு ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு சுற்று வருவதும் உண்டு. அதனால் தயாரிப்பையெல்லாம் ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். காலாண்டு விடுமுறைக்குள் முடிந்தால் நல்லது.

2. தடுப்பூசி போடுவதாக இருந்தால் அதுவும் செப்டம்பருக்குள். போட்டபின் பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். ஆறு மாதக் குழந்தை முதல் யாரும் போடலாம். ஒன்பது வயதுக்குக் கீழ் முதல் முறை போடும் பிள்ளைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. வைரஸ் வருடா வருடம் சட்டை மாற்றுவதால் ஊசியையும் வருடா வருடம் போட வேண்டும். அரசின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, பெரும்பாலும் தனியார் கிளினிக்கில்தான் கிடைக்கும், காசு ஆகும். எல்லோருக்கும் போடக் கட்டுப்படியாகாத வீட்டில் யாருக்கு முதலில்? ஆஸ்துமா உள்ள பிள்ளை, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை, கர்ப்பிணி, சர்க்கரை நோயுள்ள பாட்டி. செங்கல் சூளைப் புகைக்கும் உருக்காலைத் தூசுக்கும் நடுவில் வளரும் நம் ஊரில் இழுப்புள்ள பிள்ளை இல்லாத வகுப்பைத் தேடத்தான் வேண்டும். அந்தப் பிள்ளையின் இன்ஹேலர் தீர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

3. பள்ளியில் கொடுத்திருக்கும் உங்கள் செல் நம்பரால் பகல் நேரத்தில் பெரிய பிரயோஜனம் இல்லை. பல கம்பெனிகளில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு டீ பிரேக் வரை சேதி தெரியாது. ஒரு தபால் அட்டை அளவுக்கு அட்டை வெட்டி இப்படி எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்: கம்பெனி பெயர், எந்த டிபார்ட்மென்ட், இந்த வாரம் எந்த ஷிஃப்ட், கேட் செக்யூரிட்டியின் தொலைபேசி எண், சூப்பர்வைசர் எண், பள்ளிக்குப் பத்து நிமிடத்தில் வந்து பிள்ளையைக் கூட்டிப்போகக்கூடிய ஒருவர் பெயர். ஷிஃப்ட் மாறும்போது பிள்ளையிடம் ஒரு சீட்டு அனுப்பினால் போதும். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

4. அடுத்த கேள்வி, காய்ச்சல் பிள்ளையோடு வீட்டில் இருக்கப்போவது யார்? காய்ச்சல் வந்த அன்று காலை ஐந்தரை மணிக்கு இதைப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். ஒரே தெருவில், வேறு வேறு ஷிஃப்டில் இருக்கிற மூன்று வீட்டுக்காரர்கள் இப்போதே உட்கார்ந்து பேசிவையுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வருபவர் பகலில் தூங்கியாக வேண்டும், அவர் கணக்கில் வர மாட்டார். காலை ஷிஃப்ட்காரர் மதியம் மூன்று மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். ஒரு முறை நீங்கள் லீவு, அடுத்த முறை அவர் லீவு. பாட்டி இருக்கிறாரே என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். 65 வயதுக்கு மேல், அதுவும் சர்க்கரையோ இதய நோயோ இருந்தால், பிள்ளைக்கு மூன்று நாளில் சரியாகிற ஃப்ளூ பாட்டியை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும்.

5. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) உங்கள் குடும்பத்துக்கும் அங்கே சிகிச்சை உண்டு. உங்களுக்கே ஃப்ளூ வந்து டாக்டர் சான்று கொடுத்தால், தகுதிக்கான நாட்கள் வேலை செய்திருக்கும்பட்சத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணமாகக் கிடைக்கும். பிள்ளையின் காய்ச்சலுக்கு அந்தப் பணம் கிடையாது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு, அட்டை வரவில்லையென்றால் கான்ட்ராக்டரை இப்போதே கேளுங்கள், காய்ச்சலோடு நின்று கேட்க முடியாது.

6. காலையில் உடம்பு சுட்டால் ஒரு பாராசிட்டமால் கொடுத்து, வேர்த்து இறங்கியதும் யூனிஃபார்ம் மாட்டி அனுப்பும் பழக்கம் இருக்கிறதே, ஃப்ளூ பரவ அதைப் போல வசதி வேறு கிடையாது. மாத்திரையின் வேகம் நாலு முதல் ஆறு மணி நேரம். சரியாக மதிய உணவு மணி அடிக்கும்போது காய்ச்சல் திரும்பும். அதற்குள் பக்கத்து பெஞ்சு, எதிர் பெஞ்சு, சத்துணவு வரிசை என்று பிள்ளை எல்லா இடத்திலும் இருமிவிட்டு வந்திருக்கும்.

7. எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? மாத்திரை எதுவும் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அதன் பிறகு, பிள்ளை தெம்பாக இருந்தால், அனுப்பலாம். ஃப்ளூ தொற்றியவருக்கு ஒன்று முதல் நாலு நாளுக்குள் நோய் தெரியும். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கி, வந்தபின் ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுத்துக்கொண்டிருப்பார். சின்னப் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அதனால் திரும்பிப் போன முதல் இரண்டு மூன்று நாள் மாஸ்க்கோடு போகட்டும். ஐந்து வயதுக்குக் கீழே மாஸ்க்கைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அது எப்படியும் கழுத்தில்தான் தொங்கும்.

8. 'நூறு சதவீத வருகை'க்குப் பரிசு கொடுக்கும் பள்ளியா உங்களுடையது? எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதை வாங்கிய வருடம் என் மகன் 101 டிகிரியோடு இரண்டு நாள் பள்ளிக்குப் போனான். எனக்குத் தெரிந்தே போனான் என்பதுதான் வெட்கம். அந்த வாரமே அவன் வகுப்பில் வரிசையாகப் பிள்ளைகள் படுத்தார்கள். நோய்க்கால விடுப்பை வருகைக் கணக்கில் கழிக்கக்கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள், நாலு பேர் கேட்டால் எழுதிக்கொள்வார்கள்.

9. லீவ் லெட்டரில் இனிமேல் உண்மையை எழுதுவோம். கல்யாணம் என்றால் கல்யாணம். காய்ச்சல் என்றால் மூன்று விவரம் சேர்த்து: எந்தத் தேதியில் ஆரம்பித்தது, இருமலோ தொண்டை வலியோ உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா. தமிழிலேயே எழுதலாம், வாட்ஸ்அப்பில் குரலாகவும் அனுப்பலாம்.

10. இந்த லெட்டர்களை வகுப்பாசிரியர் என்ன செய்வது? வகுப்பறையில் ஒரு மாதக் காலண்டர் மாட்டி, காய்ச்சலால் வராத பிள்ளைகளின் எண்ணிக்கையை அந்தந்த நாள் கட்டத்தில் எழுதினால் போதும், பெயர் வேண்டாம். ஒரே வகுப்பில் ஒரே வாரத்தில் மூன்று பேர் இருமலோடு கூடிய காய்ச்சல் என்றால் தலைமையாசிரியர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் அளவுகோல். அதிகாரிகளின் அளவுகோல் வேறாக இருக்கலாம், ஆனால் சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மழைக்காலத்தில் டெங்குவும் சேர்ந்து வரும் ஊர் இது. எது என்று அவர்கள் வந்து பார்க்கட்டும்.

11. பெயர் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. 2009-ல் 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயரே பாதிப் பேரை மறைக்கவைத்தது. அந்தப் பிள்ளையோடு சேராதே, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ என்று பேச்சு கிளம்பியது. பன்றி இறைச்சி சாப்பிடுவதால் ஃப்ளூ வராது. இருமல், தும்மல், அந்தச் சளி பட்ட கை, இவற்றால்தான் வரும்.

12. பள்ளியில் காய்ச்சல் பிள்ளையை உட்காரவைக்க ஓர் இடம் வேண்டும். ஸ்டாஃப் ரூம் மூலை கூடாது, அங்கே எல்லா வகுப்பு ஆசிரியர்களும் வந்துபோவார்கள். காற்று ஓடுகிற தாழ்வாரம், ஒரு பெஞ்சு, ஒரு குடம் தண்ணீர், ஒரு மாஸ்க், கண்ணில் படும் தூரத்தில் ஒரு பெரியவர். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிப் பார்த்த 'துப்பாக்கி' தெர்மாமீட்டர் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று தேடி, பேட்டரி மாற்றி வையுங்கள். வெயிலில் நடந்து வந்த பிள்ளைக்கு அது தப்பாகக் காட்டும். சந்தேகம் என்றால் டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். 100.4-ஐத் தாண்டினால் காய்ச்சல்தான்.

13. மழை வந்ததும் நாம் செய்யும் முதல் காரியம் ஜன்னலைச் சாத்துவது. நாற்பது பிள்ளைகள் மூச்சு விடும் அறையில் அதைவிடத் தப்பு இல்லை. எதிரெதிர் ஜன்னல்கள் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும், சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் சாத்தலாம். 'கொசு வருமே' என்பீர்கள். நியாயம்தான், டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும். அதற்கு மருந்து ஜன்னலுக்குக் கம்பி வலை. அந்தச் செலவுக்கு வழி கடைசிக் குறிப்பில்.

14. சோப்பு போட்டு 20 நொடி கை கழுவுவது எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் நடக்காததற்குக் காரணம் குழாயடியில் சோப்பு இல்லாததுதான். வைத்தால் மாலைக்குள் காணாமல் போகும். பழைய காலுறைக்குள் சோப்பைப் போட்டு முடிச்சுக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டால் யாரும் எடுத்துப்போக மாட்டார்கள், ஒரு மாதத்துக்கும் மேல் வரும். அல்லது ஒரு பாட்டில் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சலவைத்தூள் கலந்து, மூடியில் ஓட்டை போட்டு வைக்கலாம். அக்டோபர் 15 உலகக் கை கழுவும் தினம். அன்று போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். 16-ம் தேதி சோப்பு இருக்கிறதா என்று நாம் போய்ப் பார்ப்போம்.

15. எச்சில் கணக்கு கொஞ்சம்: சிலேட்டை எச்சில் தொட்டு அழிப்பது, விரலை நாக்கில் நனைத்துப் பக்கம் புரட்டுவது (இதை ஆசிரியர்களும் செய்கிறார்கள், நோட்டுத் திருத்தும்போது பாருங்கள்), பென்சிலைக் கடித்துவிட்டு இரவல் கொடுப்பது. நம் பாட்டிமார் சொம்பில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கப் பழக்கினார்கள். இப்போது உறிஞ்சுகிற பாட்டில். அதை நாலு பேர் மாற்றி மாற்றி உறிஞ்சுகிறார்கள். பாட்டிமார் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். எல்.கே.ஜி. பிள்ளை நெஞ்சில் பின் குத்தி அனுப்பும் கர்சீப்பை மதியம் மாற்ற இன்னொன்றையும் பையில் வையுங்கள், இல்லையென்றால் அது காலை முழுவதும் சேர்த்த சளியை மாலை வரை முகத்தில் பூசிக்கொண்டிருக்கும். இருமினால் முழங்கை மடிப்பில். இதைப் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் வராது.

16. மேஜை, கதவுப்பிடி, குழாய்த் திருகு, படிக்கட்டுக் கைப்பிடி ஆகியவற்றை நாளுக்கு ஒரு முறை துடைக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் போதும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், தெளிந்த தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்துப் பத்து நிமிடம் விட வேண்டும். கழிவறை ஆசிடோடு மட்டும் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சுத் திணறும். மைதானத்தில் பவுடரைத் தூவிக் கோலம் போடுவது வெறும் காட்சி.

17. ஸ்கூல் வேன், ஷேர் ஆட்டோ. வகுப்பில் எவ்வளவு இடைவெளி விட்டாலும், வரும் வழியில் ஒருவர் மடியில் ஒருவர். டிரைவர் அண்ணனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: மழைத் தார்ப்பாய் இரண்டு பக்கமும் இறக்கினால் பின்பக்கம் திறந்திருக்கட்டும், இருமும் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்று சொல்ல அவருக்கு நாமே உரிமை கொடுக்கிறோம்.

18. நம் பள்ளிகளில் ஒடியா, இந்தி, தெலுங்கு, பெங்காலி பேசும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எளாவூர் தாண்டினால் ஆந்திரா; லாரியில் வருவோர், ரயிலில் வருவோர், உருக்காலையில், கட்டடத்தில், சூளையில் வேலைக்கு வந்தோர். தமிழில் அச்சடித்த சுற்றறிக்கை அந்த வீட்டில் மிட்டாய் மடிக்கத்தான் உதவும். அந்தப் பெற்றோரோடு ஒரே கம்பெனியில் வேலை செய்யும், நாலு மொழி தெரிந்த ஒரு தம்பியைப் பிடித்து, ஒரு நிமிடக் குரல் பதிவாக அந்தந்த மொழியில் பேசவைத்து அனுப்புங்கள். 'காய்ச்சல் இருந்தால் பள்ளிக்கு வேண்டாம், பெயர் நீக்க மாட்டார்கள்' என்ற இரண்டாவது பாதிதான் முக்கியம். பெயர் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அந்த அம்மாக்கள் சுடச்சுட அனுப்புகிறார்கள். செங்கல் சூளைகளிலும் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலும் வரிசை வீடுகள், பொதுக் குழாய்கள். அங்கே ஒரு பிள்ளைக்கு வந்தால் ஒரு வரிசைக்கே வந்ததாக நினைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

19. ஒற்றை அறை லைன் வீட்டில் 'தனி அறையில் வையுங்கள்' என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். முடிந்தது இவ்வளவு: காய்ச்சல் பிள்ளைக்குக் கதவோ ஜன்னலோ உள்ள பக்கம் பாய். மற்றவர்கள் தலைமாடு கால்மாடாகப் படுக்க வேண்டும், ஒரே தலையணை கூடாது. தட்டு, டம்ளர், துண்டு தனி. சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், வெந்நீரில் கொதிக்கவைக்கத் தேவையில்லை. பார்த்துக்கொள்பவர் ஒரே ஒருவர், அவருக்கு மாஸ்க். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்த ஆளாக இருக்கக் கூடாது. 2009-ல் உலகமெங்கும் கர்ப்பிணிகளைத்தான் அந்த ஃப்ளூ கடுமையாகத் தாக்கியது.

20. மருந்துப் பெட்டியில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மாஸ்க். பாராசிட்டமால் சிரப் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 5 மில்லியில் 120 மி.கி. உள்ளதும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது, பாட்டில் ஒரே மாதிரிதான். கணக்கு, பிள்ளையின் எடை கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு, மார்க்கரால் பாட்டிலிலேயே எழுதுங்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டாலும் தப்பு நடக்காது. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கக் கூடாது. கஞ்சி, ரசம், இளநீர் எது இறங்குகிறதோ அது. ஒரு நாள் சோறு சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது, தண்ணீர் இறங்கியே ஆக வேண்டும்.

21. மெடிக்கல் ஷாப்பில் 'காய்ச்சலுக்கு ஒரு செட்' வாங்கும் பழக்கத்தை இந்தப் பருவத்தில் நிறுத்துங்கள். காகிதத்தில் மடித்துத் தரும் அந்த நாலு மாத்திரையில் என்ன இருக்கிறது என்று தருபவருக்கும் உங்களுக்கும் மட்டுமல்ல, பிறகு பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. ஃப்ளூவோடு அது சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய்க்குறி (Reye's syndrome) என்ற அரிய ஆபத்து உண்டு. டெங்கு இல்லை என்று தெரியும் வரை இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகையும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. ஃப்ளூவுக்கென்று இருக்கும் மருந்து ஓசெல்டாமிவிர். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம், அதுவும் டாக்டர் சொன்னால்தான். சாதாரணக் காய்ச்சல் இருமலுக்கு அது தேவைப்படுவதில்லை. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் மூன்று நாள் பார்ப்போம் என்று இருக்காமல் முதல் நாளே காட்டுங்கள். நிலவேம்பு, கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் குடியுங்கள், ஆனால் அதைக் குடித்தாயிற்று என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைக்கு ஆவி பிடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்த தொடை, காய்ச்சலைவிட அதிக நாள் ஆஸ்பத்திரியில் வைக்கும்.

22. இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்: மூச்சிழுப்பில் விலா எலும்பு உள்ளே போவது, உதடு அல்லது நகம் நீலம் பாய்வது, நெஞ்சு வலி, சளியில் ரத்தம், எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், வலிப்பு, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தை பால் குடிக்க மறுப்பது. மூச்சை எண்ணப் பழகுங்கள். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளை, தூங்கும்போது ஒரு நிமிடத்தில் 40 முறைக்கு மேல் மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50. காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஓடியாடிய பிள்ளைக்கு மறுபடி காய்ச்சலும் கடும் இருமலும் வந்தால் நிமோனியாவாக இருக்கலாம். இதைத்தான் பலர் 'மறுபடி குளிர்ந்த தண்ணீர் குடித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகள், திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கு மேல் சென்னை ஸ்டான்லி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. உங்கள் வீட்டிலிருந்து எது பக்கம் என்று இப்போதே தெரிந்துவையுங்கள். சும்மா சந்தேகம் கேட்க 104.

23. பள்ளியையே மூடிவிட்டால்? முதலில் சாப்பாடு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி வந்துவிட்டது. கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அதை 2024 ஜூலை 15-ல் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான் தொடங்கிவைத்தார்கள். பள்ளி மூடினால் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு வேளை போகும். 2020-ல் சத்துணவுக்குப் பதில் அரிசி, பருப்பாகக் கொடுத்தது நினைவிருக்கும், அப்படிக் கேட்கலாம். அடுத்தது டியூஷன். பள்ளி மூடியதும் அதே நாற்பது பேர் அதைவிடச் சின்ன மொட்டைமாடிக் கொட்டகையில் உட்கார்ந்தால் மூடியதில் அர்த்தமில்லை. 1918-ன் பெரும் ஃப்ளூவில் அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்கள் பள்ளிகளை மூடியபோது, நியூயார்க்கும் சிகாகோவும் மூடவில்லை. நெருக்கடியான குடியிருப்புகளில் அடைந்து கிடப்பதைவிட, தினம் மருத்துவப் பரிசோதனை நடக்கும் பள்ளியில் பிள்ளைகள் இருப்பது மேல் என்று கணக்குப் போட்டார்கள். லைன் வீடுகள் நிறைந்த கும்மிடிப்பூண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தும் என்று நினைக்கிறேன். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கு நம் சின்னப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பினார்கள். எழுத்தே மறந்து வந்ததைப் பார்த்தோம். ஆகவே மூட வேண்டிய நிலையே வராமல் பார்க்க, பள்ளிக்குப் பணம் வேண்டும். கம்பி வலை, கூடுதல் குழாய், தெர்மாமீட்டர், சோப்பு. சிப்காட்டில் லாபம் காட்டும் பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. பள்ளிகளுக்கு வரும்போது அது அநேகமாக வளைவாகவும் பெயர்ப் பலகையாகவும் பெயின்ட்டாகவும் மாறிவிடுகிறது. எதெது வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு எழுத்தில் கேட்டால் மறுப்பது கஷ்டம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் பக்கம் கூட்டத்துக்கு வருவதோ ஐந்தாறு பேர், மற்றவர்கள் ஷிஃப்டில். அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வாருங்கள். மழைக்கு முன்னால் வாருங்கள்.